அருகம்புல் தின்ற பூச்சாண்டி

மலையடிவாரத்துக் காட்டில் ஒரு மடு இருந்தது. மடுவுக்கு மேற்கே, கூப்பிடு தூரத்தில், ஒரு காரைமுள் புதர். அந்தப் புதருக்கடியில் நாச்சி என்கிற முயல் தன் மூன்று பிள்ளைகளோடு குடியிருந்தாள்.

மூத்தவன் வரகு. அடுத்தவள் சாமை. கடைக்குட்டி தினை. அந்த வருஷம் எந்தெந்தக் கொல்லையில் வயிறு நிறைந்ததோ, நன்றி மறக்காமல் அந்தந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்துவிட்டாள்.

முயல்களுக்கு ராத்திரிதான் பகல். பொழுது சாய்ந்தால் மேய்ச்சல், பொழுது விடிந்தால் படுக்கை. நாமெல்லாம் “எழுந்திரு, எழுந்திரு” என்று பிள்ளைகளை உலுக்குகிற நேரத்தில், நாச்சி “படுங்க, படுங்க” என்று கெஞ்சிக்கொண்டிருப்பாள்.

பிள்ளைகளோ படுக்காது. “மடுக்கரைக்குப் போறோம்! மணல்ல விளையாடறோம்!” என்று குதிக்கும். பகலில் மடுக்கரை முயலுக்கு ஆகாத இடம். தண்ணீர் குடிக்க யார் யாரோ வருவார்கள். அவர்களில் ஒருவனின் பெயரைச் சொல்லவே நாச்சிக்கு நாக்கு எழாது. மருதமரத்து மந்தி “கக்! கக்!” என்று கத்தினால் போதும், புலி வருகிறது என்று அர்த்தம். உடனே முகத்தைப் புல்லுக்குள் புதைத்துக்கொள்வாள். இத்தனை வயசுக்கும் அவள் புலியைப் பார்த்ததில்லை.

அதனால் பிள்ளைகளை அடக்கிப் படுக்க வைக்க அவள் பூச்சாண்டிக் கதை சொன்னாள்.

“மடுக்கரைல பூச்சாண்டி இருக்கான்! பகல்ல வெளியே வர்ற பிள்ளைகளைப் பிடிச்சுக்குவான்!”

“எப்படி இருப்பான்?” என்று வரகு ஆசையாக முன்னால் நகர்ந்து உட்கார்ந்தான்.

“அப்பப்பா! காது இத்தனை நீளம்! மேல்பல்லு ரெண்டும் வெளியே நீட்டிக்கிட்டு இருக்கும்! தூங்கும்போதுகூட கண்ணு மூடாது!”

“அது நீதாம்மா!” என்றாள் சாமை.

நாச்சிக்குக் கொஞ்சம் ரோஷம் வந்தது. “இல்லடி! இவன் கர்ர்ர்னு உறுமுவான்! பிடிச்சான்னா அப்படியே தின்னு...”

அப்போது தினையின் மோவாய் நடுங்கியது. நாச்சிக்கு மனசு கேட்கவில்லை. தின்னப் போவதைச் சட்டென்று மாற்றிவிட்டாள்.

“...அருகம்புல்லைத் தின்னுவான்” என்று முடித்தாள்.

“அருகம்புல்லா!”

“ஆமா. ஆனா பயப்பட வேணாம். பின்னங்காலை ஓங்கித் தரையில தட்டி, ‘போடா பூச்சாண்டி’ன்னு சொன்னா ஓடியே போயிடுவான்!”

வரகின் காது இரண்டும் தொங்கிப்போயின.

“அம்மா, இது பயமாவே இல்லையே!”

“அவன் பாவம்மா” என்றாள் சாமை. “தனியா புல்லு தின்னுக்கிட்டு இருக்கான். ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிடலாம்.”

“பனி காஞ்ச புல்லு மாதிரி சப்புனு இருக்கும்மா உன் கதை!” என்று வரகு திரும்பிப் படுத்துக்கொண்டான். வெயில் புதருக்குள் ஊசி ஊசியாக இறங்கியது. “இந்த வெயில்ல எந்தப் பூச்சாண்டிதான் வருவான்?”

நாச்சி அன்று சரியாகத் தூங்கவில்லை. பிள்ளைகளுக்குப் பயம் விட்டுப்போனால் மடுக்கரைக்குப் போகாமல் எப்படித் தடுப்பது? பொழுது சாய்ந்ததும் முதல் வேலையாக அக்கம்பக்கத்தில் கதை கடன் கேட்கக் கிளம்பினாள்.

சேற்றோரம் ஆமை அண்ணன் இருந்தது.

“அண்ணே, நல்லா பயப்படற மாதிரி ஒரு பூச்சாண்டிக் கதை சொல்லுங்க.”

ஆமை யோசித்தது. நாச்சி ஒரு வாய் புல் மேய்ந்துவிட்டு வந்தாள். அதற்குள் ஆமை ஆரம்பித்திருந்தது.

“ஒரு பூச்சாண்டி... மெல்ல... மெல்ல... வந்தான்.”

“சரி, வந்து?”

“இன்னும் வந்துக்கிட்டு இருக்கான்மா. அவசரப்படாதே.”

நாச்சி காத்திருந்தாள்.

“கிட்ட வந்தான்... வந்து... தலையைச் சட்டுனு உள்ளே இழுத்துக்கிட்டான்!”

“எதுக்கு?”

“அவனுக்குப் பயமா இருந்துச்சு.”

அடுத்துக் கௌதாரி அக்காவிடம் போனாள். கௌதாரி இறக்கையை அடித்துக்கொண்டு, “அய்யோ, என்கிட்ட ஒரு பூச்சாண்டி இருக்கானே! பொசுக்குனு பறந்து வந்து, நீ போட்ட முட்டையெல்லாம் உடைச்சிடுவான்!” என்றது.

“நாங்க முட்டை போடறதில்லையே அக்கா.”

“போடாதவளுக்கு என்ன கதை வேண்டிக்கிடக்கு?” என்று கௌதாரி கோபித்துக்கொண்டு பறந்துவிட்டது.

அவரவர் பூச்சாண்டி அவரவர் சாடையிலேயே இருந்தான். வேறு வழியில்லாமல் நாச்சி எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்தாள். விடிந்ததும், ஓடு போட்ட, இறக்கை முளைத்த, முட்டை உடைக்கிற பூச்சாண்டி ஒருவனைப் பிள்ளைகள் முன்னால் நிறுத்தினாள். சாமை உருண்டு உருண்டு சிரித்தாள். தினைகூட சிரித்தது. முன்பெல்லாம் நடுங்குகிற பிள்ளை!

வரகு மட்டும் சிரிக்கவில்லை. அம்மாவின் முகத்துக்கு நேராக வந்து உட்கார்ந்தான்.

“அம்மா, எனக்கு நெசமா பயப்படணும்னு ஆசையா இருக்கு. கதை கேட்டா நெஞ்சு படபடனு அடிக்கணும். முதுகுல ரோமம் நிக்கணும். அப்படி ஒண்ணு இந்தக் காட்டுல இல்லவே இல்லையா?”

இருக்கிறது என்று நாச்சிக்குத் தெரியும். எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

“அப்போ நானே போய்ப் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்” என்றான் வரகு.

“போதும் உன் சவடால்! படு!” என்று அவனை முன்னங்காலால் அணைத்துக்கொண்டாள். சொன்ன களைப்பு, சிரிப்புக் கேட்ட வருத்தம் எல்லாம் சேர்ந்து அவளை அழுத்தியது. கண்ணைத் திறந்தபடியே தூங்கிப்போனாள்.

விழித்தபோது வெயில் உச்சிக்கு வந்திருந்தது. அணைத்திருந்த காலுக்குள் ஒன்றுமில்லை. வரகு படுத்திருந்த புல் சில்லிட்டுக் கிடந்தது.

நாச்சி துள்ளி எழுந்தாள். “அசையக் கூடாது! மூச்சுச் சத்தம்கூட கேக்கக் கூடாது!” என்று மற்ற இரண்டையும் புல்லுக்குள் அமுக்கிவிட்டு வெளியே வந்தாள். மடுக்கரைப் பக்கம் சின்னக் கால்தடம் போயிருந்தது.

“சாமி, என் பிள்ளையைக் கையில ஏந்திக்கோ” என்று சொல்லிக்கொண்டே ஓடினாள்.

பாதி வழியில் மந்தி கத்தியது.

“கக்! கக்!”

மயில் ஒன்று அலறியது. அப்புறம் ஒரு சத்தமும் இல்லை. சில்வண்டு நின்றது. மரத்தில் இலை அசைவதும் நின்றது. காடே கைகட்டி நின்ற மாதிரி இருந்தது. வழக்கம்போல அவள் முகம் புல்லைத் தேடிக் குனிந்தது. பிள்ளை வெளியே இருக்கிறானே! தலையை நிமிர்த்தி, கோரைப் புல் விளிம்புவரை ஊர்ந்து போய்ப் பார்த்தாள்.

வரகு மணலில் நின்றுகொண்டிருந்தான். அவனுக்கு முன்னால், மடுவின் தண்ணீரில், ஒரு தலை மட்டும் தெரிந்தது. வெயிலுக்கு உடம்பை நனைத்துக்கொண்டு புலி உட்கார்ந்திருந்தான். கழுத்துக்குக் கீழே எல்லாம் தண்ணீருக்குள் இருந்தது.

வரகும் புலியைப் பார்த்ததில்லையே! அவன் நல்ல பிள்ளையாக அந்தத் தலையிடமே விசாரித்துக்கொண்டிருந்தான்.

“ஏங்க, இங்கே பூச்சாண்டியைப் பாத்தீங்களா?”

“யார் அது?” என்றது தலை. குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் மடுவின் தண்ணீர் முழுக்க ஒருமுறை நடுங்கி அடங்கியது.

“மடுக்கரைலதான் இருப்பானாம். நீளக் காது. ரெண்டு பல்லு. கர்ர்ர்னு உறுமுவான்.”

“உம். என்ன தின்பான்?”

“அருகம்புல்லு.”

“அருகம்புல்லா?”

புலி எழுந்தான்.

எழ எழ அவன் உடம்பு தீரவேயில்லை. தண்ணீர் அவன் முதுகிலிருந்து ஓடை ஓடையாக வழிந்தது. முதலில் தோள் வந்தது. அப்புறம் நெருப்பில் கரிக்கோடு போட்டது போல விலா வந்தது. அப்புறம் வால், தனியாக ஒரு உயிர் போல. அவன் கரையில் கால் வைத்தபோது மணல் சத்தமில்லாமல் அமுங்கியது. அத்தனை பெரிய உடம்பு, ஒரு சருகுகூட முனகவில்லை.

வரகின் முதுகில் ரோமம் நின்றது. அவன் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. ஆனால் இதை என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த ஒரே வித்தையைச் செய்தான். பின்னங்காலைத் தூக்கி மணலில் தட்டினான்.

“போ... போடா பூச்...”

மணல் அந்தச் சத்தத்தை விழுங்கிவிட்டது.

கோரைக்குள் நாச்சிக்கு அந்தத் தட்டு நெஞ்சில் விழுந்தது. தான் கற்றுக்கொடுத்த தட்டு! பிள்ளை அலறக் கூடாதே என்று இட்டுக்கட்டிச் சொன்னது! ஓடி ஒளிந்திருக்க வேண்டிய பிள்ளை, அவள் சொல்லை நம்பி அங்கேயே நிற்கிறான்.

அவள் யோசிக்கவில்லை. தைரியம் வந்து போனாள் என்றும் சொல்ல முடியாது. கால்கள் அவளைக் கேட்காமல் ஓடின. வெட்டவெளியில், பிள்ளைக்கும் புலிக்கும் நடுவில் போய் நின்றாள். புலியின் மூச்சு வெதுவெதுப்பாக அவள் காதுகளைப் பின்னால் சாய்த்தது.

“யார் நீ?”

“இவன் அம்மா, சாமி.”

“இவனுக்கு அந்தக் கதை சொன்னவள் நீதானா?”

“நான்தான் சாமி.”

“என்னைப் போய் அருகம்புல் தின்ன வச்சிருக்கியே!”

“உங்களைச் சொல்லலை சாமி! பூச்சாண்டியைத்தான்... பிள்ளைங்க தூக்கத்துல அலறக் கூடாதேன்னு...”

“நேத்து ஒரு மிளா மானைத் தின்னேன். வயித்துல இடமில்லை. இருந்திருந்தா இந்தப் பேச்சே கிடையாது. இவன் காலைத் தட்டினதால நான் நிக்கலை. அது தெரியுதா?”

“தெரியுது சாமி.”

“என்னை நீ பாத்திருக்கியா?”

“இல்ல சாமி. மந்தி கத்தினாலே மூஞ்சியைப் புதைச்சுக்குவேன்.”

“பாக்காம சொன்னா புல்லுதான் வரும்” என்றான் புலி. “இப்போ பாரு.”

நாச்சி தலை குனிந்தபடி நின்றாள்.

“பாருன்னேன்.”

நாச்சி நிமிர்ந்து பார்த்தாள்.

முதலில் பாதங்களைப் பார்த்தாள். ஒவ்வொன்றும் அவள் குடும்பமே படுக்கிற படுக்கை அகலம். நகம் எதுவும் வெளியே தெரியவில்லை. தெரியாததுதான் அவளை உலுக்கியது. மீசை மயிர் ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் தொங்கியது, ஒவ்வொரு சொட்டிலும் ஒரு சூரியன் இருந்தான். நெற்றியில் கோடுகள் யாரோ நிதானமாக உட்கார்ந்து போட்ட கோலம் போல இருந்தன. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்குமென்று நினைத்தாள். இல்லை. போட்டவருக்கு அலுக்கவே இல்லை போலிருக்கிறது.

கடைசியாகக் கண்ணைப் பார்த்தாள். தேன் நிறத்தில், ஆழமாக, அவசரமே இல்லாத கண். அதில் கோபமும் இல்லை, இரக்கமும் இல்லை. அந்தக் கண்ணுக்குள் ஒரு பெரிய முயலும் ஒரு சின்ன முயலும் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தன. கடுகத்தனை.

நாச்சியின் உடம்பு நடுங்கியது. ஆனால் நடுக்கத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. அதற்குப் பெயர் அவளுக்குத் தெரியவில்லை. கும்பிடத் தோன்றியது. ‘சாமி, இவனையும் நீதானே படைச்சே. என்னையும் நீதானே படைச்சே. ஒரே மடுவுல தண்ணி குடிக்க வச்சிருக்கியே’ என்று நினைத்தாள்.

எத்தனை நேரம் பார்த்தாளோ!

“உம்” என்றான் புலி. அவர்களைச் சுற்றிக்கொண்டு நடந்தான். நாணலுக்குள் நுழைந்தான். நாணல் விலகி, பிறகு கூடிக்கொண்டது. கோடுகள் புல்லோடு புல்லாகிப் போயின. சில்வண்டு ஒன்று பயந்து பயந்து மறுபடி ஆரம்பித்தது.

மணலில் அவன் கால்தடத்தில் தண்ணீர் ஊறி நிறைந்துகொண்டிருந்தது. வரகு அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“வா” என்றாள் நாச்சி. மகன் அவள் விலாவோடு ஒட்டிக்கொண்டு வந்தான்.

அன்று ராத்திரி மேய்ச்சலிலும் அவன் அவளை விட்டு விலகவில்லை. சாமை சுற்றிச் சுற்றி வந்தாள். “என்னடா பாத்தே? பூச்சாண்டி இருந்தானா? சொல்லேன்டா!” என்று நச்சரித்தாள். அவன் அம்மாவைக் கைகாட்டிவிட்டான்.

விடிந்தது. மூன்றும் படுக்கையில் வந்து உட்கார்ந்தன. வெயில் எப்போதும் போல ஊசி ஊசியாக இறங்கியது.

“இன்னிக்கு எந்தப் பூச்சாண்டிம்மா? ஓடு போட்டவனா?” என்று சாமை சிரிக்கத் தயாரானாள்.

“பூச்சாண்டி இல்லை” என்றாள் நாச்சி.

அவள் உறுமிக் காட்டவில்லை. கண்ணை உருட்டவில்லை. குரலைத் தாழ்த்தி, பார்த்ததைப் பார்த்தபடி சொன்னாள். சில்வண்டு நின்றதைச் சொன்னாள். தண்ணீர் நடுங்கியதைச் சொன்னாள். அவன் எழ எழ உடம்பு தீராததைச் சொன்னாள். மணல் சத்தமில்லாமல் அமுங்கியதைச் சொன்னபோது, சாமையின் வாய் திறந்தபடி நின்றது. பளிச்சென்ற வெயிலில் நான்கு முயல்களுக்கும் முதுகில் ரோமம் நின்றது.

“காலைத் தட்டினா?” என்று சாமை மெல்லக் கேட்டாள்.

“ஓட மாட்டான்.”

“பின்னே என்னம்மா பண்றது?”

“மந்தி சொல்றதைக் கேக்கணும். பகல்ல மடுப் பக்கம் போகக் கூடாது. புல்லோட புல்லா அசையாம கிடக்கணும். நம்மால ஆனது அவ்வளவுதான்டி. மிச்சம் சாமி விட்ட வழி.”

தினை நகர்ந்து நகர்ந்து அம்மாவின் வயிற்றுக்கடியில் வந்துவிட்டது. அதன் நெஞ்சு அடிப்பது நாச்சிக்குக் கேட்டது.

“பயமா இருக்கும்மா.”

‘எல்லாம் பொய்டா கண்ணு’ என்ற பழைய சொல் நாச்சியின் நாக்கு நுனிவரை வந்தது. அதை விழுங்கிக்கொண்டாள்.

“எனக்கும்தான்” என்றாள்.

வரகு அம்மாவை நிமிர்ந்து பார்த்தான், நீ சொன்னது சரிதான் என்பது போல. மடுக்கரைக்குப் போகலாம் என்று அன்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை. தூக்கம் வருமோ வராதோ என்று நாச்சி கவலைப்பட்டுக்கொண்டிருந்தாள்.

வயிற்றுக்கடியிலிருந்து தினையின் குரல் வந்தது.

“அம்மா... அந்தக் கண்ணை மட்டும் இன்னொரு தடவை சொல்லு.”

மெய்யான அச்சத்தை மறைத்துப் பொய்ப் பூச்சாண்டி காட்டினால், பிள்ளைகள் பயப்படவும் மாட்டார்கள், பிழைக்கவும் மாட்டார்கள்.